கோமுகியும் கிருதமாலும்: மதுரைத் திருநகரின் மழைநீர் நெறி

திருக்கோயிலை வலம் வரும் அடியார் கருவறையின் வடபுறத்தை அடைந்ததும் நடை தளர்ந்து சற்றே நிற்பது வழக்கம். அங்கே கோமுகி அமைந்திருக்கிறது. உள்ளே இறைவன் திருமேனியில் ஆட்டிய பாலும் பன்னீரும் நன்னீரும் அக்கல்வாய் வழியாக வெளிப்போந்து சிறு தொட்டியில் விழுகின்றன. அந்நீரைக் கையில் ஏந்திச் சிரசில் தெளித்துக் கொள்வோர் பலர். பிரதோஷ காலத்தில் சோமசூத்திரப் பிரதட்சிணம் செய்வோர் அதனைக் கடவாது வந்த வழியே மீள்வர். அதன் அணிமையிலேயே சண்டிகேசுவரர் எழுந்தருளியிருக்கிறார். நீர் வந்து புகும் வாயிலைப் போற்றுதல் உலகெங்கும் உள்ள வழக்கம். நீர் வெளியேறும் வாயிலையும் காலால் கடத்தல் ஆகாது என்று வணங்கி நிற்பது நம் திருக்கோயில் மரபுக்கு உரிய தனிச் சிறப்பாகும்.

இவ்வழக்கத்தில் பக்தியோடு பொறியியல் நுட்பமும் கலந்துள்ளது. அபிஷேக நீர்க்கு ஒழுங்கான வழி இல்லையேல் கருவறை சேறாகிவிடும், அடித்தளம் நெகிழும், கல் கல்லை விட்டுப் பெயரும். ஆவுடையாரின் நீர்த்தாரை, கருவறைத் தரையின் மென்சாய்வு, சுவரை ஊடுருவி வரும் கல்லோடை, வெளியிலுள்ள தொட்டி, தொட்டியினின்று நந்தவனத்தை நோக்கிச் செல்லும் கால் ஆகிய யாவும் ஒரே திட்டத்தின் உறுப்புகளாம். நீருக்கு வருவதற்கு ஒரு வழி, தங்குவதற்கு ஓர் இடம், போவதற்கு ஒரு வழி என இம்மூன்றையும் வகுத்த பின்னரே நம் ஸ்தபதிகள் மேலே கட்டினர்.

கும்பாபிஷேகத்தின் தத்துவமும் நீரைச் சார்ந்ததே. கடங்களில் ஆவாகனம் செய்யப்பெற்ற புனித நீர் விமானத்துக் கலசத்தின்மேல் விழுந்து, தளந்தோறும் இறங்கி, நிலத்தைச் சேர்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் கூடி நடத்தும் விழா இது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் ஆண்டுதோறும் நடத்தும் குடமுழுக்கும் ஒன்று உண்டு. அம்மழை நீரும் இதே விமானத்தில் விழுந்து இதே பிராகாரத்தில்தான் இறங்குகிறது. அதற்குரிய வழியை நம் முன்னோர் எங்ஙனம் வகுத்தனர் என்பதைச் சிந்திப்பது இந்நன்னாளுக்கு மிகவும் ஏற்றதாகும். அவ்வழியின் வரலாற்றை முழுமையாகக் காட்டுவதற்கு மதுரையினும் சிறந்த நகரம் வேறொன்றைக் காண்டல் அரிது.

நிலத்தின் அமைப்பு

மதுரைச் சமவெளி மேற்கினின்றும் வடமேற்கினின்றும் தென்கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்தது. மேற்கே நாகமலை பாம்பென நீண்டு கிடக்கிறது. வடகிழக்கே ஆனைமலை, தென்மேற்கே பசுமலையும் திருப்பரங்குன்றமும், வடக்கே அழகர்மலை. நடுவே வைகை. இந்நிலப்பரப்பில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்துச் சில வாரங்களில் அடங்கிவிடும். பெய்யும் சில நாட்களில் வெள்ளம். பெய்யாத பல திங்களில் வறட்சி. இவ்விரண்டையும் ஒருங்கே எதிர்கொள்ள வேண்டிய ஊர் இது. வெள்ளத்தை விரைவில் கடத்திவிட்டால் கோடையில் குடிநீர் இராது. கடத்தாமல் முற்றும் தேக்கினால் ஊர் மூழ்கும். எவ்வளவு தேக்குவது, எவ்வளவு விடுப்பது என்பதே மதுரையை ஆண்டோர் அனைவர் முன்னும் நின்ற கேள்வியாகும்.

சுருங்கையும் சுடுமண் குழாயும்

பண்டை மதுரையில் நீர் வடியும் வழிகள் இருந்தமைக்குச் சங்க இலக்கியமே சான்று பகர்கிறது. வைகையின் புதுப்புனலைப் போற்றும் பரிபாடலில், நகரின் சுருங்கை வழியாகப் பாய்ந்து வெளிப்படும் நீருக்கு, களிறு தன் துதிக்கையால் உமிழும் நீர் உவமையாக வருகிறது. சுருங்கை என்பது நிலத்தின்கீழ் அமைந்த நீர்வழி. புலவர் ஒருவர் உவமைக்கு எடுத்துக் கொள்ளும் அளவிற்கு அவ்வமைப்பு அந்நாளைய மக்கள் கண்ணுக்குப் பழகியிருந்தது என்பது இதனால் பெறப்படும்.

இலக்கியம் கூறிய வாழ்வின் சாயலை மண்ணும் காட்டியது. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், வைகைக் கரையை அடுத்த கீழடியில் 2014-15-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. பின்னர்த் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அப்பணியை மேற்கொண்டது. செங்கற் கட்டடங்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. 2019-இல் நடந்த அகழாய்வில் ஒன்றோடொன்று பொருந்திய சுடுமண் குழாய்களும், திறந்த கால்வாயும், மூடிய கால்வாயும் காணப்பெற்றன. அங்குக் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு எனக் கணிக்கப்பட்டுள்ளது. வைகைக் கரையில் வாழ்ந்த மக்கள் இல்லம் எழுப்பும்போதே நீர்ப்போக்கையும் உடன் எண்ணினர் என்பதற்கு இவை கண்கூடான சான்றுகளாம்.

மாடக்குளக்கீழ் மதுரை

பாண்டியர் கல்வெட்டுகளில் மதுரையைக் குறிக்கும் தொடர் ஒன்று உளத்தைக் கவர்வதாகும். மாடக்குளக்கீழ் மதுரை என்பது அத்தொடர். மாடக்குளம் நகரின் மேற்கே உள்ள பெருங்கண்மாய். அக்குளத்தின் கீழ்ப்பட்ட நிலப்பகுதி மாடக்குளக்கீழ் எனப்பட்டது. முத்தும் முடியும் சங்கமும் உடைய தலைநகர், தன் முகவரியைத் தனக்கு மேலேயுள்ள ஒரு குளத்தின் பெயரால் எழுதிக் கொண்டது. அரண்மனையினின்று ஆணை பிறப்பித்த மன்னனும் அப்பெயரை எழுதுவதில் குறைவு காணவில்லை. குளம் காப்பாற்றுகிறது, ஊர் காப்பாற்றப்படுகிறது என்னும் தெளிவு அவர்களுக்கு இருந்தது.

வைகையாற்றின் படுகையிலேயே கிடைத்த ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டொன்று, வைகையில் மதகு அமைக்கப்பெற்று அதற்கு அரிகேசரியான் எனப் பெயரிடப்பட்ட செய்தியைக் கூறுகிறது. மன்னர் தம் சிறப்புப் பெயரைக் கோபுரத்திற்கு மட்டுமன்றி மதகுக்கும் இட்டு மகிழ்ந்த காலம் அது. ஏரியையும் குளத்தையும் ஆண்டுதோறும் தூர் எடுப்பதற்கென ஏரிப்பட்டி, குளப்பட்டி என்னும் பெயர்களில் நிலம் ஒதுக்கும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. ஒருமுறை வெட்டிய குளம் என்றும் நிற்கும் என்று அவர்கள் மயங்கவில்லை; காப்பதற்கும் நிலையான பொருள் வைத்தனர்.

இக்கண்மாய்கள் தனித்தனியே நின்றவை அல்ல. மேலைக் கண்மாய் நிரம்பினால் அதன் மிகுநீர் கலுங்கு வழியே வழிந்து மறுகாலாக ஓடி அடுத்த கண்மாய்க்கு வரத்துக்காலாக அமையும். அதுவும் நிரம்பினால் மேலும் கீழே செல்லும். மழை எவ்வளவு பெய்யினும் நீர் படிப்படியாக நின்று நின்றே இறங்கும். மடை என்பது பாசனத்துக்கு. கலுங்கு என்பது காவலுக்கு. மடையை உழவன் திறந்து அடைப்பான். கலுங்கோ ஒருவரும் தொடாமலே, வேண்டிய உயரம் வந்ததும், தானே தன் கடமையைச் செய்யும். நள்ளிரவில் மழை பெய்யினும் ஊர் அச்சமின்றி உறங்குவதற்கு அதுவே காரணம்.

மச்சாவதாரம் நிகழ்ந்த ஆறு

நகரின் தென்புறத்துக் கண்மாய்களின் மிகுநீரை ஏற்றுச் செல்லும் பேறு பெற்றது கிருதமால் நதி. நாகமலை அடிவாரத்தில் துவரிமான் பக்கத்தே தோன்றி, துவரிமான், மாடக்குளம் முதலிய கண்மாய்களின் உபரிநீரை வாங்கிக் கொண்டு, நகரின் தென்பகுதியூடே சென்று, தென்கிழக்கு நோக்கி ஓடிக் குண்டாற்றோடு கலக்கிறது. கிருதமாலா என்னும் வடமொழிப் பெயர், நகரை மாலைபோல் சூழ்ந்தோடுதலைக் குறிக்கும் என்பர். வைகை வடபாலும் கிருதமால் தென்பாலும் ஓட, இடையே கூடல் மாநகர் விளங்கியது. கூடலழகர் திருக்கோயிலின் மரபும் இந்நதியோடு பிணைந்தது.

ஸ்ரீமத் பாகவதம் எட்டாம் ஸ்கந்தத்தில் கூறும் வரலாறு இந்நதிக்கே உரியது. திராவிட தேசத்து அரசனான சத்தியவிரதன் கிருதமாலா நதியில் நின்று ஜலதர்ப்பணம் செய்யும்போது, அவன் அள்ளிய நீரில் ஒரு சிறுமீன் வந்து சேர்ந்தது. தன்னைக் காக்கும்படி அது வேண்டிற்று. அரசன் அதனைக் கலத்தில் இட்டான்; கலம் போதவில்லை. பெருங்கலத்தில் இட்டான், அதுவும் போதவில்லை. குளத்தில் விட்டான், ஏரியில் விட்டான், இறுதியில் கடலில் விட்டான். அம்மீனே ஊழி வெள்ளத்தில் அரசனையும் முனிவரையும் உயிர்வித்துக்களையும் ஏற்றிய ஓடத்தைக் காத்த மச்சமூர்த்தி.

இவ்வரலாற்றின் பக்திப் பொருள் அடியார் அறிந்ததே. இதில் மற்றொரு பொருளும் தோன்றும். வளர்ந்து வரும் மீனுக்கு அரசன் ஒவ்வொரு முறையும் முன்னதினும் பெரிய இடத்தைத் தேடித் தந்தான். சிறிய கலத்தினுள் அதனை அடக்கி வைக்க முயலவில்லை. வெள்ளமும் அத்தகையதே. கலத்திலிருந்து குளத்துக்கும், குளத்திலிருந்து ஏரிக்கும், ஏரியிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும் அதனை வழி நடத்த வேண்டும். பிரளயத்தினின்று உலகைக் காத்த மீன் தோன்றிய ஆறே, மதுரையின் வெள்ளத்தை வெளிக் கொண்டு செல்லும் ஆறாகவும் இருப்பது எண்ணி வியக்கத்தக்கது.

திருவிளையாடலில் வெள்ளம்

சிவபெருமானின் திருவிளையாடல்களிலும் நீர் பெரும்பங்கு கொள்கிறது. பரஞ்சோதி முனிவர் பாடிய புராணத்தில் அன்னக்குழியும் வையையும் அழைத்த படலம் வேட்கையைத் தணித்த வரலாறு. ஏழுகடல் அழைத்த படலம் காஞ்சனமாலை நீராடத் தீர்த்தம் தந்த வரலாறு. வருணன் விட்ட கடலை வற்றச் செய்ததும், ஏழு மேகங்கள் பொழிந்தபோது நான்கு மேகங்களை நான்கு மாடங்களாக நிறுத்தி நகரைக் காத்ததும் வெள்ளத்தினின்று மீட்ட வரலாறுகள். வறட்சியும் வெள்ளமும் ஒரே நகரைத் தாக்கும் என்பதை அப்புராணம் நன்கு அறிந்திருக்கிறது.

எல்லாவற்றுள்ளும் மக்கள் மனத்தில் நிலைத்தது மண் சுமந்த வரலாறு. வைகை கரை உடைத்துப் பெருகியபோது, பாண்டியன் கரையைக் குடிகளுக்குப் பங்கிட்டு அடைக்கச் செய்தான். பிட்டு விற்கும் வந்திக்கும் ஒரு பங்கு வந்தது. ஆளில்லாத அம்முதியவளுக்காகப் பெருமானே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, பிரம்படியும் பட்டான். ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் புட்டுத்தோப்பில் இது நடித்துக் காட்டப்பெறுகிறது. செல்வர், வறியர் என்னும் வேறுபாடின்றி ஊரின் ஒவ்வொரு வீட்டுக்கும் வெள்ளக்கரையில் ஒரு பங்கு உண்டு என்பதும், அப்பங்கைச் செய்யாது விட்டால் அடி எல்லார் முதுகிலும் விழும் என்பதும் அவ்விளையாட்டினால் உணர்த்தப்படும் அறமாகும்.

வானினின்று வீழ்ந்த கங்கையைச் சடையிலே ஏற்று, உலகம் தாங்கும் அளவாகச் சிறிது சிறிதாக விடுத்த பெருமான் அல்லனோ சோமசுந்தரக் கடவுள்! வேகத்தைத் தணித்துத் தாங்குதல், பின் அளவோடு விடுத்தல் என்னும் இரண்டும் கங்காதர மூர்த்தியின் திருக்கோலத்தில் அடங்கியுள்ளன. குளம் செய்யும் தொழிலும் அதுவே.

பொற்றாமரையும் தெப்பக்குளமும்

அருள்மிகு மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலின் பொற்றாமரைக்குளம் ஏறக்குறைய 165 அடி நீளமும் 120 அடி அகலமும் உடையது. திருக்கோயிலின் பரப்போ ஏறத்தாழ 15 ஏக்கர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்ததாகக் கொள்வோம். அப்பரப்பின்மேல் விழும் நீர் ஏறக்குறைய 60 லட்சம் லிட்டர். அவ்வளவும் பொற்றாமரையில் இறங்குமாயின் குளம் பத்தடிக்குமேல் உயரும். ஒரு குளத்தை வெட்டுவதோடு பணி முடிந்துவிடாது, அது நிரம்பிய பின் மிகுநீர் செல்லும் வழியும் வேண்டும் என்பதை இக்கணக்கு எளிதில் விளக்கும்.

ஊரளவில் இதற்குப் பெரும் எடுத்துக்காட்டு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-ஆம் ஆண்டு அளவில் அமைத்தது. ஏறக்குறைய 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்டு, நடுவே மைய மண்டபம் பொலிய நிற்பது. மகாலுக்குச் செங்கல் செய்ய மண் எடுத்த இடம் அது என்றும், அங்ஙனம் தோண்டும்போது கிடைத்த திருவுருவமே முக்குறுணி விநாயகர் என்றும் மரபு கூறும். மண் எடுத்த பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டுவிடாமல், படித்துறை கட்டி, வைகையினின்று கால் வெட்டி நீர் கொணர்ந்து, தைத்திங்களில் அம்மையும் அப்பனும் தெப்பத்தில் உலா வரும் தீர்த்தமாக்கியது அம்மன்னரின் பேரறிவு. ஒரே இடம் கட்டடத்துக்கு மண் தந்தது. வெள்ளத்துக்கு இடம் தந்தது. கிணறுகளுக்கு ஊற்றுத் தந்தது. திருவிழாவுக்கு அரங்கமும் தந்தது.

பிற்காலத்தில் வரத்துக்கால் தூர்ந்தமையால் குளம் பல்லாண்டுகள் வறண்டு கிடந்தது. நீரின்றித் தெப்பம் நிலையில் நிற்பதையும், வெறுந்தரையில் பிள்ளைகள் பந்தாடுவதையும் நகர மக்கள் கண்டனர். 2019-20-ஆம் ஆண்டில் பனையூர்க் கால்வாய் சீர்செய்யப்பெற்று வைகை நீர் மீண்டும் குளத்தை நிறைத்தது. தெப்பம் நீரில் மிதந்தது. புதிதாகக் குளம் வெட்டவில்லை. புதிதாக ஆறு வரவில்லை. அடைபட்டிருந்த வழி ஒன்று திறக்கப்பட்டது. அவ்வளவே. முன்னோர் அமைப்பு எத்துணை உறுதியானது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

வழி மறந்த காலம்

விசுவநாத நாயக்கர் காலத்தில் திருக்கோயிலை நடுவே கொண்டு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என வீதிகள் ஒன்றையொன்று சூழ நகர் வகுக்கப்பெற்றது. புறத்தே கோட்டையும் அகழியும் இருந்தன. அகழி பகைவரைத் தடுத்ததோடு மழைநீர் தங்கும் இடமாகவும் அமைந்தது. 1837 முதல் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பெற்று அகழி தூர்க்கப்பட்டது. நெருக்கடியால் நோயுற்றிருந்த நகர் விரிந்து மூச்சுவிட அது உதவியது. வெளி வீதிகள் பிறந்தன. ஆயினும் அகழியில் தங்கிய நீருக்கு மாற்றிடம் தேவைப்படும் என்னும் எண்ணம் பின்வந்த நூற்றாண்டுகளில் மங்கிற்று.

1866-இல் நகராட்சியும் 1971-இல் மாநகராட்சியும் ஆன மதுரை நாற்புறமும் வளர்ந்தது. கண்மாய்கள் சில குடியிருப்பாயின. சில பொதுக் கட்டடங்களுக்கு இடமாயின. ஏழுகடல் அழைத்த வரலாற்றோடு இணைந்த குளம் தூர்ந்து வணிக வளாகமாயிற்று. தெருவின் பெயரில் மட்டும் கடல் எஞ்சியது. பெருமாள் தெப்பக்குளம் கடைகளின் நடுவே மறைந்தது. மச்சமூர்த்தி தோன்றிய கிருதமால், மழைநீர் செல்லும் ஆறு என்னும் நிலை தாழ்ந்து கழிவுநீர் செல்லும் ஓடையாயிற்று.

விளைவு தொடர்ந்தது. 1993 நவம்பரில் வைகையில் வந்த பெருவெள்ளம் கரையோரக் குடியிருப்புகளில் உயிர்களையும் உடைமைகளையும் கொண்டு சென்றது. 2024 அக்டோபர் இறுதியில் பெய்த கனமழையில் வைகைக்கு வடகரையிலுள்ள செல்லூர்ப் பகுதியில் வீடுகளுள் நீர் புகுந்தது. செல்லூர்க் கண்மாயின் மிகுநீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகையைச் சேர வேண்டும். வழி குறுகினால் நீர் தன் பழைய இடத்தைத் தேடி வருவது இயல்பு. அவ்விடத்தில் இப்போது அடுப்பும் தொட்டிலும் இருப்பதை நீர் அறியாது.

உலகம் கற்ற பாடம்

டென்மார்க் நாட்டுத் தலைநகரான கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2-ஆம் நாள் இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. பூமிக்கடியில் குழாய்களைப் பெருக்கினால் மட்டும் போதாதென உணர்ந்த அந்நகரத்தார், பூங்காக்களையும் சதுக்கங்களையும் பெருமழைக் காலத்தில் நீர் தங்கும் இடங்களாக மாற்றத் தொடங்கினர். சீன நாட்டில் 2015-இல் 16 நகரங்களில், கடற்பஞ்சு நீரை உறிஞ்சி மெல்ல விடுவது போன்ற நகரமைப்பு தொடங்கப்பெற்றது. நீரை விரைந்து விரட்டுதலினும், விழுந்த இடத்திலேயே சற்றுத் தங்கவைத்துப் பின் விடுதல் நன்று என்பதே இவற்றின் கருத்து. நாயக்கர் மன்னர் தெப்பக்குளத்தில் செய்து காட்டியதும், கலுங்குகள் நாடோறும் கற்பித்ததும் இதுவே அன்றோ!

திருப்பணியில் கருதத்தக்கன

இவ்வரலாறு திருக்கோயில் திருப்பணி செய்வோர்க்கும் பொருளுதவும் அன்பர்க்கும் உணர்த்துவது யாது? கோபுரத்துக்கு வண்ணமும், விமானத்துக்குக் கலசமும், மண்டபத்துக்குத் தளக்கல்லும் வழங்க அன்பர் பலர் முன்வருகின்றனர். அவை கண்ணுக்குத் தெரிவன; பெயர் பொறிக்க இடம் தருவன. மண்ணுக்குள் மறையும் வாய்க்காலுக்கு உபயம் செய்வோர் அரியர். ஆயினும் வண்ணமும் தளமும் நிலைத்திருப்பது அவ்வாய்க்காலால்தான்.

முதலாவது, மட்டம் பார்த்தல். பழைய கோயில்கள் பலவற்றைச் சூழ்ந்த வீதிகள் தளத்தின்மேல் தளமாக உயர்ந்துவிட்டன. வாயிற்படிகள் வீதிக்குக் கீழாயின. பிராகாரத்திலும் பழைய கல்லை எடுக்காமல் மேலே புதுக்கல் பதித்தால் கருவறை பள்ளமாகிவிடும். மழை நாளில் வெளிநீர் உள்ளே வரும். ஆதலின் திருப்பணி தொடங்குமுன் வீதி, பிராகாரம், கருவறை, குளத்தின் கலுங்கு ஆகியவற்றின் மட்டங்களை அளந்து ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். புதுத்தளம் பழைய சாய்வை மாற்றலாகாது.

இரண்டாவது, மேல்தளத்து நீர். தட்டோட்டின் சாய்வையும் கல்லில் செய்த நீர்த்தாரைகளையும் பழுதுபார்த்து, அந்நீரைத் தனிக்கால் வழியாகத் திருக்குளத்துக்கு விடலாம். குளத்துக்குள் புகுமுன் வண்டல் படியச் சிறு தொட்டி ஒன்று வேண்டும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே கழித்துப் பின்னரே குளத்துக்குத் திருப்புதல் நன்று. மடைப்பள்ளிக் கழிவும் பிற கழிவும் எக்காரணத்தாலும் மழைநீர்க் காலில் சேர்தல் கூடாது. கிருதமாலுக்கு நேர்ந்தது கோயிற் காலுக்கும் நேர வேண்டா.

மூன்றாவது, மண்ணுக்கு மண்ணை விடுதல். வெளிப்பிராகாரம் முழுவதையும் சிமெண்டால் மூடிவிடும் வழக்கம் பரவியுள்ளது. நந்தவனமும் தலமரத்தின் அடிநிலமும் திறந்த மண்ணாகவே இருப்பின் மழை அங்கே இறங்கிக் கோயிற் கிணற்றை வளர்க்கும். திருக்குளத்தின் அடித்தளத்தைச் சிமெண்டிட்டு அடைத்தலும் ஊற்றுக்கண்ணை மூடுதலேயாம்.

நான்காவது, மிகுநீர் வழி. குளம் நிரம்பிய பின் நீர் எந்த வாய்க்காலில், எந்தக் கண்மாயில், எந்த ஆற்றில் சேர்கிறது என்பதை நிர்வாகத்தார் நடந்து சென்று காணுதல் வேண்டும். மதிலுக்குள் எவ்வளவு செம்மையாக அமைப்பினும், வெளியே வழி அடைபட்டிருப்பின் பயனில்லை. ஐந்தாவது, ஆண்டுப் பணி. ஆடி, ஆவணித் திங்களிலேயே தாரைகளையும் கால்களையும் துப்புரவு செய்து முடித்தால் ஐப்பசி மழையை மகிழ்ச்சியோடு வரவேற்கலாம். முன்னோர் ஏரிப்பட்டி வைத்ததுபோல், கும்பாபிஷேக நிதியினின்று ஒரு பகுதியை இதற்கென வைப்பாக வைத்தல் சிறந்த கைங்கரியமாகும்.

அன்பர் தம் இல்லத்திலும் இவ்வறத்தைச் செய்யலாம். 1000 சதுர அடிக் கூரையின்மேல் மதுரையில் ஓராண்டில் விழும் மழை ஏறக்குறைய 79 ஆயிரம் லிட்டர். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று அமைத்த குழிகளைத் தூர் எடுத்துக் காப்போர், அந்நீரை வீதியில் வெள்ளமாக விடாமல் கிணற்றில் செல்வமாக வைத்தவராவர். வந்தியின் பங்கு என்பது இக்காலத்தில் இதுவே.

முப்பத்திரண்டு அறங்களுள் தடம் அமைத்தலும் ஒன்றாக எண்ணப்பெற்றது. குளம் வெட்டியவர் பெயர் பலவற்றைக் காலம் மறைத்துவிட்டது. அவர் வெட்டிய குளத்தில் இன்றும் திங்கள் தோன்றுகிறது. பெயர் பொறிக்க இடமில்லாத வாய்க்காலுக்கு ஈயும் பொருளும் அவ்வாறே ஊரார் அறியாமல் ஊரைக் காக்கும். கங்கையைச் சடையில் தாங்கிய சோமசுந்தரப் பெருமானும், கயல்போலும் விழியால் உயிர்களைக் காக்கும் அங்கயற்கண் அம்மையும், மீனாய் வந்து உலகை மீட்ட கூடலழகரும் திருவருள் பாலிக்க, மழை தவறாது பெய்வதாக. பெய்த மழை குளந்தோறும் தங்குவதாக. தங்கிய பின் எஞ்சியது எவர்க்கும் இடரின்றி ஆற்றைச் சேர்வதாக. திருப்பணி செய்தோரும் துணைநின்றோரும் எல்லா நலங்களும் எய்தி இனிது வாழ்க.